வடக்குச் சுவர், எட்டாம் வரிசை

ஜனவரி 20, திங்கள்

இன்று வடக்குச் சுவரைப் பிரிக்கத் தொடங்கினோம். பழைய முன்சீப் கோர்ட்டில் மிக மோசமாக இருப்பது இந்தச் சுவர்தான். நூற்று நாற்பது வருஷத்து மழை உள்ளே இறங்கி, நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. கோர்ட் புதுக் கட்டடத்துக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இதைச் சீர்செய்து நூலகம் ஆக்கப் போகிறார்கள். வடக்குச் சுவர் ஓரத்தில் குழந்தைகள் உட்கார்ந்து படிக்கும் பகுதி வருமாம்.

என் வேலை கல்லுக்கு எண் போடுவது. கல்லைக் கழற்றும் முன் அதன் முகத்தில் சிவப்புப் பெயின்டால் எழுத வேண்டும். வடக்குச் சுவர், மேலிருந்து மூன்றாம் வரிசை, இடமிருந்து ஐந்தாவது கல் என்றால் வ-3-5. எழுதியதைக் காகிதத்தில் வரையும் வரிசைப் படத்தில் குறித்து, அந்த வரிசையை என் போனில் படம் எடுக்க வேண்டும். திரும்பக் கட்டும்போது ஒவ்வொரு கல்லும் அது இருந்த இடத்துக்கே போக வேண்டும்.

சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு நம்பர் எழுதுகிறாயா என்று விடுதியில் கேட்டார்கள். சிரித்து வைத்தேன். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. அதிகம் பேச வேண்டியதில்லை.

ஜனவரி 23, வியாழன்

முதல் இரண்டு வரிசையும் இறங்கிவிட்டன. தலைமைக் கொத்தனார் கொளஞ்சி மேஸ்திரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் எழுதுவதை ஒவ்வொரு கல்லாக நின்று பார்க்கிறார். எழுத்தை ஒரு முகம் போல ஞாபகம் வைத்துக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். நேற்று குவியலில் ஒரு கல்லைக் காட்டி, "இது பொழுது சாயறப்ப எறக்குனது, வால் இழுத்தாப்ல எழுதுனீங்களே மேடம், அது" என்றார். சரியாக இருந்தது.

சில கற்கள் வெளியே மற்றவை மாதிரியேதான் தெரியும். உருவினால் மூன்றடி உள்ளே நீளும். சுவரின் இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது அவைதான். மேஸ்திரி அவற்றைக் கட்டுக்கல் என்கிறார். கனமானவை என்பதால் தனியே காம்பவுண்டு ஓரம் அடுக்குகிறார்கள்.

அப்பா வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமை பேசினார். என் வேலை அவருக்குப் புரியவில்லை. "கல்லுக்கு எதுக்கும்மா நம்பரு, அது எங்க ஓடப் போவுது" என்றார்.

ஜனவரி 29, புதன்

புதன்கிழமைகளில் சென்னையிலிருந்து கட்டடக் கலைஞர் பிரதீபா மேடம் வருவார். இன்று என் வரிசைப் படங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தார். குறை இல்லை என்று அர்த்தமாம். சைட் இன்ஜினியர் வேதமுத்து சார் சொன்னார்.

மதியம் கோர்ட் ஹாலுக்குள் உட்கார்ந்து சாப்பிடப் போனேன். உள்ளே சில்லென்று இருக்கிறது. சித்தாள் குப்பு அக்கா வாசலிலேயே நின்றுகொண்டாள். மதிய வேளையில் உள்ளே வரமாட்டாளாம். டவாலி பேர் கூப்பிடும் சத்தம் கேட்குமாம்.

முதலில் விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவளுடைய அப்பாவுக்கு இந்தக் கோர்ட்டில் முக்கால் காணி நிலத்துக்கு வழக்கு நடந்திருக்கிறது. ஏழு வருஷம். ஒரு நாள் அவர் எதிரில் டீக்கடையில் இருந்தபோது கூப்பிட்டுவிட்டார்கள். "மூணு தரம் கூப்புட்டாங்களாம் பாப்பா. மூணாவது தரத்துக்குள்ள போய் நிக்கலன்னா அவ்ளோதான். நீ இல்லாமலே தீர்ப்பு எழுதிடுவான்." அதற்குப் பிறகு அவர் டீயே குடித்ததில்லையாம்.

புறாக்கள் உத்தரத்தில் நடக்கும் சத்தம் மட்டும் கேட்டது. சாப்பாட்டை வெளியே எடுத்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

ஏழாம் வரிசை முடிந்தது. இருபத்தொரு கற்கள். கையில் பெயின்ட் போகவில்லை. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

பிப்ரவரி 5, புதன்

எட்டாம் வரிசைக்கு எண் போட்டேன். இருபத்து மூன்று கற்கள். பிரதீபா மேடம் வேலை முடியும் வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார். என் எழுத்து தெளிவாக இருக்கிறது என்றார். போனில் சார்ஜ் இல்லாததால் படம் எடுக்கவில்லை.

பிப்ரவரி 22, சனி

ஊரிலிருந்து திரும்பினேன். விடுதி அறையில் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். கட்டில் முழுக்க வேப்பம் சருகு.

சைட்டில் குப்பு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்குக் காரியமெல்லாம் நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டாள். முடிந்தது என்றேன். எத்தனை வயது என்றாள். ஐம்பத்து மூன்று. மூட்டை தூக்குகிற உடம்பு இப்படி நின்றுவிடுமா என்று சொல்லிக்கொண்டே மணல் சலிக்கப் போனாள்.

நான் இல்லாதபோது மீதி மூன்று வரிசைகளுக்கு வேதமுத்து சாரே எண் போட்டிருக்கிறார். சுவரைப் பிரித்து முடித்து, அடியிலிருந்து திரும்பக் கட்டவும் தொடங்கிவிட்டார்கள். பதினொன்று, பத்து, ஒன்பது, எட்டு ஆகிவிட்டன. ஏழாம் வரிசை பாதியில் நிற்கிறது. சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் வாசனை. நல்ல வேலை.

எட்டாம் வரிசையில் நடுவில் ஒரு புதுக்கல் இருக்கிறது. நிறம் வெளுப்பாக இருப்பதால் தெரிகிறது. கேட்டதற்கு, படத்தின்படி இருபத்து மூன்றும் வைத்தாகிவிட்டது, ஆனாலும் ஒரு கல் அகலத்துக்கு இடைவெளி வந்தது, முன்பு அங்கே வெறும் சல்லி அடைத்திருப்பார்கள் போல, புதுக்கல் செதுக்கி வைத்துவிட்டோம் என்றார் வேதமுத்து சார். மேஸ்திரி ஏதோ தகராறு செய்தாராம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

நான் உட்கார்ந்து படம் வரையும் வராந்தாப் படியருகே ஒரு கட்டுக்கல்லைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். சிவப்பு எண் மேலே பார்த்தபடி இருக்கிறது. எந்தச் சுவருடையதோ, பிறகு பார்க்க வேண்டும். வானம் மூட்டமாக இருந்தது. பெயின்ட் அழிந்துவிடக் கூடாதே என்று தார்ப்பாயை எடுத்து மூடி வைத்தேன்.

மழை வரவில்லை.

மார்ச் 1, சனி

அம்மா போன் செய்தாள். அப்பா மூட்டை தூக்கிய மார்க்கெட் கமிட்டியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்களாம். அவர்களிடமும் அதையே சொல்லியிருக்கிறாள். கடைசியாக மகளுக்குத்தான் போன் போட்டார், சாப்பிட்டாயா என்று கேட்டார், அதற்குப் பிறகுதான் உயிர் போயிற்று என்று. துக்கத்துக்கு வந்த எல்லோரிடமும் அம்மா இதைச் சொல்லிவிட்டாள். சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் தெளிகிறது. "ஒங்கிட்டயாவது பேசிட்டுப் போனாரே" என்றாள்.

நான் ம் கொட்டினேன்.

மார்ச் 4, செவ்வாய்

ஐந்தாம் வரிசை. மதியம் அளவு நாடாவை எடுக்கக் கோர்ட் ஹாலுக்குள் போனேன். ஆட்கள் எல்லோரும் மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நீதிபதி மேடைக்குப் பின்னாலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என்ன பேர் என்று பிடிபடவில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி. புறாவாக இருக்கலாம். நான் அசையாமல் நின்றேன். மூன்றாவது தரம் கேட்பதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

நாடாவைக் குப்பு அக்காவை அனுப்பி எடுக்கச் சொல்ல முடியாது. நாளை பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 8, சனி

மேஸ்திரி இப்போது என்னோடு பேசுவதில்லை. வேலை அப்படி. காலையில் நான் படியில் உட்காரும்போது சாரத்தின் மேலிருந்து பார்க்கிறார். அவர் பார்ப்பது என்னையா, தார்ப்பாயையா என்று தெரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

வடக்குச் சுவர் முடிந்தது. கேசரி கொடுத்தார்கள். வேதமுத்து சார் எனக்கு இரண்டு தட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மார்ச் 17, திங்கள்

தரை வேலைக்காக இடத்தைக் காலி செய்தபோது வேதமுத்து சார் தார்ப்பாயைத் தூக்கினார். கல்லில் வ-8-14 என்று இருந்தது. வ-8-14 ஏற்கெனவே சுவரில் இருக்கிறது.

மார்ச் 19, புதன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பிரதீபா மேடம் குனிந்து அந்தக் கல்லை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அளந்தார். மூன்றடி இரண்டு அங்குலம். எட்டாம் வரிசையின் நடுவில் சுவரைப் பிடித்திருந்த கல் இதுதான், இதை வெளியே போட்டுவிட்டு ஒன்பது அங்குலக் கல்லை அங்கே ஒட்டியிருக்கிறீர்கள், நாலு மழைக்காலம் போனால் மறுபடி அதே இடத்தில் வயிறு தள்ளும் என்றார்.

வேதமுத்து சார் சொன்ன விளக்கம் இது. இறக்கும்போது எண் அழிந்திருக்கும். மேஸ்திரியின் ஆட்கள் அதை மறைக்கப் பக்கத்துக் கல்லைப் பார்த்து அதே எண்ணை எழுதியிருப்பார்கள். எழுத்து தெரியாதவர்களுக்கு எது எழுதினாலும் ஒன்றுதான். பிறகு குட்டு வெளிப்படும் என்று தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள்.

மேஸ்திரி பின்பக்கம் சுண்ணாம்புத் தொட்டியில் இருந்தார். வேதமுத்து சார் ஹாலுக்குள் நின்றபடியே கூப்பிட்டார். கொளஞ்சி. பதில் இல்லை. கொளஞ்சி. மறுபடியும், இன்னும் உரக்க. கல் சுவரில் குரல் பட்டுத் திரும்பியது. குப்பு அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேடைக்குக் கீழே நின்றார். அங்கேதான் முன்பு சாட்சிக் கூண்டு இருந்தது. தரையில் அதன் நான்கு துளைகள் இன்னும் இருக்கின்றன.

அவர் ஒரே ஒரு தடவை பேசினார். "அந்தக் கல்ல நான் தூக்கிட்டு வந்து வெக்கச் சொன்னேன். நீங்கதான் டிக் அடிச்சாச்சின்னு திருப்பி அனுப்புனீங்க."

"ஒனக்கு நம்பர் படிக்கத் தெரியுமாய்யா?"

அவர் தரையிலிருந்த அந்தத் துளைகளைப் பார்த்தார்.

எட்டாம் வரிசையைப் போனில் எடுத்த படத்தை மேடம் என்னிடம் கேட்டார். அன்று போனில் சார்ஜ் இல்லை மேடம் என்றேன். கல்லைக் காட்டி, "இது உன் எழுத்தா, தனக்கொடி?" என்று கேட்டார்.

தெரியவில்லை மேடம் என்றேன்.

மேஸ்திரியையும் அவருடைய ஆட்கள் ஒன்பது பேரையும் அடுத்த புதனோடு அனுப்பிவிடுவது என்று பேச்சு. இதுபோன்ற பழைய கட்டட வேலை எதற்கும் இனி அவரை எடுக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பார்களாம். சுவரைத் திறந்தால் மேலே ஏழு வரிசையையும் மறுபடி இறக்க வேண்டும். அதற்கு நேரம் இல்லை, இரும்புப் பட்டை கொடுத்துச் சமாளிக்கலாம் என்கிறார் வேதமுத்து சார்.

மார்ச் 20, வியாழன்

காய்ச்சல் என்று சொல்லி வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் இல்லை.

துணி துவைத்தேன். அறையைக் கூட்டினேன். போனை எடுத்துப் பார்த்தேன். பிப்ரவரி 5, காலை 11.42. 11.49. 11.51. சிவப்பு அம்புக்குறி மூன்று. அப்பாவுக்கு எண்களைத் தட்டத் தெரியாது. என் பட்டமளிப்புப் படத்தை நான்தான் வைத்துக் கொடுத்திருந்தேன். அதன் மேல் விரல் வைத்தால் எனக்கு வரும். பகலில் அவர் கூப்பிட்டதே இல்லை.

மார்ச் 22, சனி

மாலையில் ஆட்கள் போன பிறகு மேஸ்திரி தன் கரண்டிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அந்த இரண்டு எண்ணையும் நான்தான் எழுதினேன் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

அவர் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்."

கீழே கிடந்த ஒரு கரண்டியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"படிக்கத்தான் தெரியாது பாப்பா. ரெண்டு கல்லுல ஒரே மூஞ்சி இருந்தா தெரியாதா? செவுத்துல இருக்கறப்பவே பாத்தேன். சொல்லலாம்னு வந்தேன். அந்தம்மா பக்கத்துல நின்னுது. ஒம் மொகமும் சரியில்ல. சரி, அப்பறம் சொல்லிக்கலாம்னு விட்டேன். சாய்ங்காலம் பாத்தா அப்பா போயிட்டார்ன்னு ஊருக்கு ஓடிட்ட."

கட்டும்போது வேதமுத்து சாரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சொன்னனே. நம்பரத் தப்பா போட்டது படிச்ச பொண்ணு, சரியாச் சொல்றவன் கைநாட்டு. யாரு கேப்பா? நீ வந்தா பாப்ப, பாத்தா சொல்லுவன்னு அந்தக் கல்ல ஆறு ஆள வுட்டுத் தூக்கி நீ ஒக்கார்ற எடத்துலயே கொண்டாந்து போட்டேன். அன்னிக்கு மேல பாதி வரிசைதான் நின்னுது. ஒரு நா வேல. நீ பாத்த. தார்ப்பா போட்டு மூடுன. அதையும் சாரத்து மேலேர்ந்து பாத்தேன்."

அவர் கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் அழுதிருப்பேன். கட்டிய சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு எங்கன்னா வீட்டு வேல கெடைக்கும். பூசுவேன். அந்தச் செவுத்தோரம் புள்ளைங்க ஒக்காரும்னு சொல்றாங்களே, அதத்தான் யோசிக்கிறேன்."

கேட் வரை போய்த் திரும்பி, இருட்டுவதற்குள் விடுதிக்குப் போகச் சொன்னார்.

மார்ச் 23, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

போனில் சார்ஜ் இருந்தது. முதல் தரம் அதிர்ந்தபோது பன்னிரண்டாவது கல் எழுதிக்கொண்டிருந்தேன். திரையில் அப்பா என்று பார்த்தேன். மேடம் பக்கத்தில் நின்றார். அவர் எதிரில் அப்பாவோடு பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்பா போனில் கத்திக் கத்திப் பேசுவார், பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும். பையில் போட்டேன். இரண்டாவது தரம் பைக்குள்ளேயே அமுக்கினேன். அப்போது பதினான்கு எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தரம் வந்தபோது மேடம், முக்கியமான போனா, எடுக்கலாமே என்றார். இல்லை மேடம், சிம் கம்பெனி போன் என்றேன். எடுத்து அணைத்துவிட்டேன். அணைத்துவிட்டு அடுத்த கல்லில் எழுதினேன். அதிலும் பதினான்கு என்றுதான் எழுதியிருக்கிறேன். போனை அணைத்ததால்தான் அந்த வரிசைக்குப் படம் இல்லை.

அப்பா மூட்டை இறக்கும்போது நெஞ்சு வலிக்கிறது என்று சாக்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் ஆட்டோ பிடிக்கப் போயிருக்கிறார். அந்தப் பத்து நிமிஷம் அவர் தனியாக இருந்திருக்கிறார்.

சாப்பிட்டாயா என்று அவர் கேட்கவில்லை. நான் அம்மாவிடம் சொன்னது பொய். அவர் என்ன சொல்ல இருந்தார் என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 26, புதன்

மேடம் பத்தரைக்கு வந்தார். ஹாலில் மேசை போட்டு, மேஸ்திரியை அனுப்பும் காகிதத்தை வேதமுத்து சார் எடுத்து வைத்தார். மேஸ்திரியும் ஆட்களும் வாசலில் நின்றார்கள்.

நான் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. மனப்பாடம் செய்துகொண்டு போனது எல்லாம் மறந்துவிட்டது.

"அது என் எழுத்து மேடம். ரெண்டும் என் எழுத்து. போன்ல சார்ஜ் இருந்துச்சு. தார்ப்பாய் போட்டதும் நான்தான்."

மேடம் பேனாவை மூடினார். "போன புதன்கிழமை இதே எடத்துல உன்னைக் கேட்டேன்."

"ஆமா மேடம்."

"ஏன் சொல்லலை?"

அப்பா கூப்பிட்டதைச் சொன்னேன். கம்பெனி போன் என்று சொன்னது அவருடைய போன்தான் என்று சொன்னேன். மேடத்துக்கு ஞாபகம் வந்தது. முகம் மாறியது. ஆனால் அவர் ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாதது நல்லது. வேதமுத்து சார், அப்படியென்றாலும் மேஸ்திரி சொல்லியிருக்கலாமே என்று ஆரம்பித்தார். மேடம், அவர் சொல்லியிருக்கிறார், நீங்கள் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள் என்று முடித்துவிட்டார்.

முடிவு: எட்டாம் வரிசை வரை சுவரை இறக்கித் திரும்பக் கட்டுவது. மேஸ்திரி இருப்பார். எண் போடும் வேலையை நானே முடித்துக் கொடுத்துவிட்டு ஏப்ரல் கடைசியில் போக வேண்டும். அனுபவச் சான்றிதழ் கிடையாது.

வாசலில் மேஸ்திரி என்னைக் கடந்து போனார். ஆட்களைப் பார்த்து, "சாரத்தக் கட்டுங்கடா, என்னாத்த வேடிக்க" என்றார்.

ஏப்ரல் 9, புதன்

எட்டாம் வரிசை. இந்த முறை மேஸ்திரி ஒவ்வொரு கல்லிலும் கை வைத்த பிறகுதான் எழுத வேண்டும் என்று அவரே ஏற்பாடு செய்தார். புதுக்கல்லை உருவி எறிந்தார்கள். கட்டுக்கல்லில் இருந்த 14-ஐ 15 ஆக்கினேன். நாலின் மேல் ஐந்தை அழுத்தமாக எழுதினேன். அதற்குப் பிறகு வரும் ஒன்பது கற்களிலும் எண் ஒன்று கூடியது. மொத்தம் இருபத்து நான்கு.

அம்மாவுக்குப் போன் செய்தேன். உண்மையைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஏதோ பேசிக்கொண்டே எடுத்தாள். பிறகு சொல்லலாம் என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

கட்டுக்கல் தன் இடத்தில் இறங்கியது. ஆறு பேர் பிடித்தார்கள். உள்ளே போனதும் வெளியே ஒன்றரை அடி முகம் மட்டும் நிற்கிறது. தெரியாதவர்களுக்கு மற்றக் கற்கள் மாதிரிதான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை. கடைசியில், "அப்ப அவரு என்னா சொல்ல வந்தாரு?" என்று கேட்டாள். தெரியாது அம்மா என்றேன். இரவு எனக்குச் சோறு போட்டாள். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 30, புதன்

சுவர் முடிந்த பிறகு எண்களை அழித்துவிட வேண்டும். கம்பிப் பிரஷ், தண்ணீர், கொஞ்சம் மணல். சித்தாள்கள் செய்கிற வேலைதான். எட்டாம் வரிசையை மட்டும் நான் தேய்க்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். என் கடைசி நாள். குப்பு அக்கா குடத்தில் தண்ணீரோடு கூட வந்தாள்.

பதினான்கு வரை சீக்கிரம் போய்விட்டது. பதினைந்தாவது கல்லில் பெயின்ட் இரண்டு பூச்சு. தேய்க்கத் தேய்க்க மேலே இருந்த ஐந்து முதலில் கரைந்து வடிந்தது. அதற்கு அடியிலிருந்து நாலு வந்தது. பிப்ரவரியில் எழுதினபடியே, கோடு கொஞ்சமும் கோணாமல்.

நான் கையை எடுத்துவிட்டேன்.

"என்னா பாப்பா, போவலையா?" என்றாள் குப்பு அக்கா.

போகும் அக்கா, தண்ணி ஊற்று என்றேன்.